என் வலது கை வாரியத்தில் இருக்கிறது

மதுக்குவளைப் பொருத்த வாரியம் என்று ஒன்று இருப்பது, அது என் கடைக்குள் நுழைகிற வரை எனக்குத் தெரியாது. தெரிந்துவைத்திருக்காதது என் குற்றம்தான் என்று பிறகு எழுத்து மூலம் தெரிவித்தார்கள்.

முன்பு அதற்குப் பீப்பாய் வாரியம் என்று பெயராம். மரப் பீப்பாய்கள் ஒழுகுகின்றனவா என்று பார்ப்பது வேலை. பிறகு பீப்பாய்களெல்லாம் எவர்சில்வருக்கு மாறி, ஒழுகுவதை நிறுத்திக்கொண்டன. ஆனால் வாரியத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். பீப்பாயைத் தூக்கிப் போடலாம், ஊழியரைத் தூக்கிப் போட முடியுமா? ஆகவே, பீர் பீப்பாயை விட்டு வெளியே வந்தபின் எதில் போய் விழுகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பீரும் தனக்குரிய குவளையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவருகிறார்கள்.

என் பீர்க் கடை சின்னது. ஐந்து மேஜை, ஒரு கவுண்ட்டர், அதற்குப் பின்னால் கிளாஸ் கழுவும் தொட்டி. மாடியில் வீடு. என்னிடம் முப்பத்தொரு மக்குகள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி: தடித்த கண்ணாடி, பக்கவாட்டில் நாலு விரலும் தாராளமாக நுழைகிற பிடி. கறுப்பு பீர் கேட்டாலும் அதில்தான், மஞ்சள் பீர் கேட்டாலும் அதில்தான். ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை. தாகத்தோடு வருகிறவர்கள் பாத்திரத்தைப் பற்றி விசாரிப்பதில்லை.

வாரியத்தின் ஆய்வாளர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தார். கையில் வெள்ளைத் துணி உறை மாட்டியிருந்தார். அலமாரியிலிருந்து ஒரு மக்கை எடுத்து, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு விரலை ஓட்டினார்.

"இதுல என்ன ஊத்தறீங்க?"

"பீர் சார்."

"எந்த பீர்?"

"எது கேக்கறாங்களோ அது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார், ஆனாலும் நேரில் கேட்கும்போது தாங்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே வாசித்தார். இளமஞ்சள் பீருக்கு ஒல்லிக் குவளை. கறுப்பு பீருக்கு மேலே அகன்று கீழே ஒடுங்கியது. காட்டமான பீருக்குக் காம்பு வைத்த, வயிறு பெருத்த சின்னக் குவளை. கோதுமை பீருக்கு முழங்கை உயரத்தில், இடை சிறுத்து, தலை விரிந்த குவளை. எல்லாவற்றின் கீழேயும் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: பிடி கூடாது.

"பிடி ஏன் சார் கூடாது?"

"பிடி இருந்தா எல்லாரும் அதைப் பிடிச்சுக்கறாங்க. குவளையோட உருவத்தைக் கவனிக்கறதே இல்ல."

"அப்ப பிடி வெச்ச மக் எந்த பீருக்கு?"

"அது அட்டவணை எட்டு. எட்டு இன்னும் அச்சுல இருக்கு."

"எப்ப வரும் சார்?"

"ஒம்பது வந்துடுச்சு," என்றார், ஆறுதலாக.

முப்பத்தொரு மக்குகளையும் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். நானும் கூடமாட ஒத்தாசை செய்தேன், ஏனென்றால் அவருக்குச் சுற்றத் தெரியவில்லை. ரசீதில் 'பொருள்: பொருந்தாக் குவளை. நிலை: சுத்தம்' என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே அரசாங்க நற்சான்று அதுதான்.

ஒரு வாரத்தில் ஏழு வகைக் கிளாஸ்கள் அலமாரியில் ஏறின. எது எதற்கென்று சுவரில் படம் மாட்டினேன். முதல் நாள் குழாய் ரிப்பேர்காரர் வந்தார். நாள் முழுக்க யார் வீட்டுச் சாக்கடையிலோ கையை விட்டுவிட்டு வருகிற மனுஷர். எப்போதும் காட்டமான பீர்தான் குடிப்பார். காம்பு வைத்த சின்னக் கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது குடிக்கறதுக்கா, கண்ணுல விட்டுக்கறதுக்கா?"

"சட்டம் அண்ணே."

"சரி, சுண்டு விரலைத் தூக்கணுமா, வேண்டாமா? அதையும் சொல்லிடு."

அவர் சமாளித்துக்கொண்டார். எல்லாரும் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். மனுஷன் எதற்கும் பழகிவிடுவான், அதை நம்பித்தான் வாரியங்கள் பிழைக்கின்றன. பழகிக்கொள்ள முடியாதவர் ஒரே ஒருவர். அவர் என் மாமனார்.

மாமா பஸ் டிரைவராக இருந்தவர். இருபத்தெட்டு வருஷம் ஒரே ரூட், ஒரே கண்டக்டர். ஓய்வு பெற்ற மறு வருஷம் கை நடுங்க ஆரம்பித்தது. இது நிற்காது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டைப் பொத்தானை என் மனைவிதான் போட்டுவிடுவாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம், ஏனென்றால் யாராவது பார்த்தால் நடுக்கம் அதிகமாகும்.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்கி வருவார். மூலை மேஜையில் உட்காருவார். இரண்டு தெரு தள்ளியிருந்து கண்டக்டர் நடந்து வந்து எதிரில் உட்காருவார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதையெல்லாம் ரூட்டிலேயே பேசி முடித்துவிட்டார்கள். நான் மாமாவுக்குக் கோதுமை பீர் கொண்டுபோய் வைப்பேன், மற்றதெல்லாம் அவருக்குக் கசப்பு. கண்டக்டர் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பஸ்ஸில் அதற்கு 'போகலாம்' என்று அர்த்தம். மாமா நாலு விரலையும் பிடிக்குள் விட்டு, இன்னொரு கையை அடியில் கொடுத்து மக்கைத் தூக்குவார். மக்கின் கனம் நடுக்கத்தை அமுக்கிவிடும். ஒரு வாய் குடித்ததும் கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டுவார். ஒன்று என்றால் 'நிறுத்து'. மாமா மக்கை இறக்கி வைப்பார். இப்படி ஒரு மணி நேரம் வண்டி ஓடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மாமா மீதி இருபத்துமூன்று மணி நேரத்தையும் ஓட்டினார்.

புதுக் கிளாஸ் வந்த அன்று கோதுமை பீர் அவர் மோவாய் உயரத்துக்கு எதிரில் நின்றது. கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார். மாமா இரண்டு கையாலும் கிளாஸின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். பாதி பீர் சட்டையில் விழுந்தது. கண்டக்டர் பதறிப் போய் ஒரு தட்டுத் தட்டினார். மாமா கிளாஸை இறக்குவதற்குள் மீதியும் விழுந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். ஸ்ட்ரா நுரையைக் குத்துவதால் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டு போனார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் மனைவி, தன் காபி மக்கைக் கீழே கொண்டுவந்து அதில் பீரை ஊற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அதற்கு வந்த நோட்டீஸில் 'குவளை ஆள்மாறாட்டம்' என்று இருந்தது. மாடியில் வைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மாடிக்கும் கடைக்கும் ஒரே கதவு எண், ஆகவே மாடியும் வாரியத்தின் எல்லைக்குள் வருகிறது என்றார்கள். எல்லைக்குள் வராமல் இருந்தாலும் பயனில்லை, கண்டக்டரால் முழங்கால் வலியோடு படியேற முடியாது.

மாமா நாலாவது நாள் கீழே வரவில்லை. "இப்பல்லாம் வயித்துக்கு ஒத்துக்கறதில்ல மாப்ள," என்றார். கண்டக்டர் ஆறு மணிக்கு வந்து, மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்து, ஏழு மணிக்கு எழுந்து போனார். ஒரு தடவைகூட மேஜையைத் தட்டவில்லை.

அன்றைக்கு என் மனைவி கிளாஸ் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா அஞ்சரைக்கே வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன். ஆறு மணிக்குக் கழட்டிவிடச் சொன்னார். எனக்கு அழுகையா வருது. ஏதாவது பண்ணுங்க."

நான் வாரியத்துக்குப் போனேன்.

பெரிய கட்டடம். வாசலில் இரண்டு மரப் பீப்பாய்களை வார்னிஷ் அடித்து வைத்திருந்தார்கள். விலக்குப் பிரிவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். முன்னால் ரப்பர் முத்திரைகள் வரிசையாக இருந்தன. நான் மாமாவின் கதையை முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "குவளை எங்கே?" என்றார்.

"எந்தக் குவளை மேடம்?"

"விலக்கு கேக்கற குவளை. மனுஷங்களுக்கு விலக்கு கிடையாது சார். இது குவளை வாரியம். குவளைதான் மனு போடணும்."

"அது எப்படிக் கையெழுத்துப் போடும்?"

"காப்பாளர் போடலாம். நீங்க அதுக்கு என்ன வேணும்?"

"நான் அதைக் கழுவறவன்."

"தினமுமா?"

"தினமும்."

"அப்ப சரி," என்று படிவத்தைத் தள்ளினார்.

மனுதாரரின் உயரம், வாயின் சுற்றளவு, விரிசல் உண்டா, இதற்கு முன் எந்தெந்த பீர் ஊற்றப்பட்டது, அப்போது மனுதாரர் எதிர்ப்புத் தெரிவித்தாரா என்றெல்லாம் நாலு பக்கம். எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், குவளை யார் பொருட்டு மனுச் செய்கிறதோ அவருடைய கைகளை வாரியம் நேரில் பரிசோதிக்கும் என்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது. பரிசோதனைதானே, மாமாவின் கையை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும், கல்லும் கரையும் என்று நினைத்தேன்.

பரிசோதனைக்கு மாமாவை டாக்ஸியில் அழைத்துப் போனேன். ஒரு நீள மேஜைக்குப் பின்னால் ஆய்வாளரும், விலக்குப் பிரிவு அம்மாளும், நடுவில் இயக்குநரும் உட்கார்ந்திருந்தார்கள். உயரக் குவளையில் கோதுமை பீர் ஊற்றப்பட்டது. நுரை இரண்டு விரல் இருக்க வேண்டும். யாருடைய விரல் என்று சண்டை வரக் கூடாது அல்லவா? அதற்காக வாரியத்தின் முதல் தலைவருடைய இரண்டு விரல்களைப் பித்தளையில் வார்த்து ஒரு பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆய்வாளர் பெட்டியைத் திறந்து, விரல்களைத் துடைத்து, நுரைக்குப் பக்கத்தில் பிடித்தார். சரியாக இருந்தது. அதை மூன்று பேரும் பதிவேட்டில் கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது கையெழுத்து முடிவதற்குள் நுரை அடங்கிப் போனது. பீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினார்கள். மறுபடியும் அடங்கியது. ஆறாவது தடவை, முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு ஊற்றினார்கள். இந்த யோசனையைச் சொன்னது மாமாதான்.

"இப்ப குவளையைத் தூக்கிப் பத்து எண்ணற வரைக்கும் பிடிங்க," என்றார் இயக்குநர்.

மாமா எழுந்து நின்றார். உட்கார்ந்தே செய்யலாம் என்று யாரும் சொல்வதற்குள் எழுந்துவிட்டார். முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு கையாலும் கிளாஸைத் தூக்கினார். ஆய்வாளர் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. என்னால் நம்ப முடியவில்லை. கிளாஸ் அசையவில்லை. நுரைகூட ஆடவில்லை. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பத்து என்றதும் மெதுவாகக் கிளாஸை வைத்தார்.

"நடுக்கம் இல்லை," என்று அம்மாள் எழுதிக்கொண்டார். "குறைபாடு இல்லாத கை. மனு தள்ளுபடி."

வெளியே வந்ததும் மாமா வார்னிஷ் பீப்பாயின் மேல் சாய்ந்துகொண்டார். இரண்டு கையும் உதறிய உதறலில் பீப்பாயே கடகடவென்று சத்தம் போட்டது.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தெரியல மாப்ள. வருஷா வருஷம் இப்படித்தான் மூணு பேர் உட்கார்ந்து என்னைப் பரிசோதிப்பாங்க. தேறலைன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்க. இருபத்தெட்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட தேறாம இருந்ததில்ல." பீப்பாயிலிருந்து நிமிர்ந்து, "இன்னிக்கும் தேறிட்டேன்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரை டாக்ஸியில் உட்கார வைத்துவிட்டு, ஆனது ஆகட்டும் என்று இயக்குநரின் அறைக்கே போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மக்கில். பிடியின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"சூடா இருக்கு பாருங்க. பிடி இல்லாம முடியாது," என்றார். பிறகு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர். யாராவது கேட்பதற்கு உட்கார்ந்தால் போதும், மனம் திறந்து பேசுவார்.

"நான் பீரே குடிக்கறதில்லீங்க. பதினாறு வருஷமா ஒரு சொட்டு இல்ல. குடிச்சா ஒரு குவளை மேல பிரியம் வந்துடும், நடுநிலை போயிடும். ஜனங்க என்ன நினைக்கறாங்க? பீர் குடிக்கறது அவங்க இஷ்டம்னு நினைக்கறாங்க. சரி, இருக்கட்டும். எதுல குடிக்கறதுன்னும் அவங்களே முடிவு பண்ணிட்டா, இங்க இருக்கிற இருநூறு குடும்பம் என்ன பண்ணும்? இந்த வாரியம் வந்த பிறகு நாட்டுல பீரோட சுவை எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியுமா? எங்களுக்கும் தெரியாது. ஆனா எத்தனை குவளை பிடிச்சோம்னு கணக்கு இருக்கு. அது வருஷா வருஷம் கூடிக்கிட்டுத்தான் போகுது. அப்ப தப்பு நடக்கறது கூடுதுன்னுதானே அர்த்தம்? தப்பு கூடக்கூட வாரியம் தேவைப்படுது. வாரியம் பெரிசாக ஆக இன்னும் நிறையப் பிடிக்கறோம். எங்காவது நிக்குமான்னு நானும் பாக்கறேன், நிக்க மாட்டேங்குது."

"சார், என் மாமனாருக்கு..."

"உங்க மாமனார் விஷயம் குவளையே இல்லீங்க. தூக்கறது. பக்கத்துல இருந்து யாராவது தூக்கி வாய்ல குடுத்தா தீர்ந்துபோச்சு. இதுக்கு எதுக்கு ஒரு மனு?"

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? படிவம் நிரப்புகிற மும்முரத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தோம். மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கீழே கூட்டிவந்தேன். உயரக் கிளாஸில் கோதுமை பீரை ஊற்றி, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மாமா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஊட்டிவிட்டுக் குடிப்பதில் அவருக்குக் கூச்சம். கண்டக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டு, என்னைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினார். நான் கிளாஸைத் தூக்கி மாமாவின் உதட்டில் வைத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டினார். நான் இறக்கினேன்.

"மாப்ள, பிரேக் கொஞ்சம் லேட்டு," என்றார் மாமா, மீசையைத் துடைத்துக்கொண்டே.

கண்டக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகிவிட்டது. மூன்றே நாளில் எனக்குக் கை பழகிவிட்டது. வெள்ளைச் சட்டை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை மாமாவின் உடம்பில் இருந்தது, அதில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பதினோரு நாள் அப்படிப் போயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டாவது நாள் ஆறு பத்துக்கு ஆய்வாளர் உள்ளே வந்தார். கிளாஸ் சரியாக இருந்தது. நுரை இரண்டு விரல். அவர் பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவுகோலை எடுத்துக் கிளாஸிலிருந்து என் தோள் வரை அளந்து, எழுதிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

உத்தரவு மறுநாள் காலையிலேயே வந்தது. பிடி என்பது என்ன என்று அதில் விளக்கியிருந்தார்கள். குவளைக்கு வெளியே பொருந்தியிருந்து, குடிப்பவரின் விரல்கள் குவளையைத் தொடாமலே அதை வாய்க்குக் கொண்டுசெல்ல உதவும் எந்தப் பொருளும் பிடியே. தங்கள் கடையில் கோதுமை பீர்க் குவளையில், தோல் நிறத்தில், சுமார் அறுபது சென்டிமீட்டர் நீளத்தில், அனுமதியற்ற பிடி ஒன்று பொருத்தப்பட்டிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அதை உடனே வாரியத்தில் ஒப்படைக்கவும்.

இயக்குநரிடம் ஓடினேன். "நீங்கதானே சார் தூக்கிக் குடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். அது நான் சொன்னது. இது வாரியம் சொல்றது," என்றார். டீ அதே மக்கில் இருந்தது.

விலக்குப் பிரிவு அம்மாள் என் மணிக்கட்டில் நூலைக் கட்டி, அட்டைச் சீட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். 'பிடி. வலது. நிலை: சுத்தம்.' கைப்பற்றிய பொருள் பரிசோதனை முடிகிற வரை வாரியத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. என்னிடமிருந்து பிரிக்க முடியாத பொருள் என்பதால் கருணையோடு ஒரு சலுகை கொடுத்தார்கள். நாள் முழுக்க வேண்டாம், அந்தப் பிடி வழக்கமாக எப்போது பயன்படுகிறதோ அந்த நேரத்தில் மட்டும் தினமும் கொண்டுவந்தால் போதும். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை.

"பரிசோதனை எப்ப மேடம் முடியும்?"

"அட்டவணை எட்டு வந்ததும் முடிஞ்சுடும். பிடி சம்பந்தப்பட்டதெல்லாம் அதுலதானே இருக்கு."

அப்படித்தான் நான் தினமும் சாயங்காலம் வாரியத்தின் தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரத் தொடங்கினேன். என் மனைவி கண்ணாடிக் கடையில் சீக்கிரமே கிளம்ப அனுமதி வாங்கி, அப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் சீட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மணிக்கட்டைத் திருப்பிச் சீட்டைக் காட்டினாள். 'பிடி. வலது. வளையலுடன்.'

அடுத்து குழாய் ரிப்பேர்காரர் முன்வந்தார். "என் கையைப் பாத்தா எவனும் தொட மாட்டான்," என்று சவால் விட்டாராம். அவருடைய சீட்டில் 'நிலை' என்ற இடத்துக்கு மட்டும் ஒரு முழு வரி எழுதியிருந்தார்கள். அதற்கடுத்த நாள் ஆறே காலுக்குக் கண்டக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்குள் வந்தார். நாங்கள் மூன்று பேரும் நகர்ந்து இடம் கொடுத்தோம்.

"நானே தட்டிக்கிட்டு நானே தூக்கினேன்," என்றார். "ரெண்டு வாய்தான் குடிச்சார். வந்துட்டாங்க."

"அப்பா இப்ப யாரோட இருக்கார்?" என்று கேட்டாள் என் மனைவி.

கண்டக்டர் வலது கையை மேஜைப் பக்கம் நீட்டினார். அவருக்கும் சீட்டுக் கட்டினார்கள்.

மறுநாள் நாங்கள் நாலு பேரும் பெஞ்சில் இருந்தோம். சீட்டுக்குப் பயந்து மற்றவர்கள் அந்த நேரத்தில் கடைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். எங்களுக்கு எதிரில் சுவர்க் கடிகாரம். ஆறு மணி ஆனபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆறு இருபதுக்குத் தாழ்வாரத்தின் கோடியில் மாமா வருவது தெரிந்தது. டாக்ஸி பிடிக்கவில்லை, நடந்தே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டையை அவரே போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான்கள் ஒன்றுக்கொன்று மாறிப் போட்டிருந்தன, மேலே இரண்டு போடவே இல்லை. என் மனைவி எழப் போனாள். "உட்காருங்க, உங்களது இன்னும் பரிசோதனையில இருக்கு," என்றார் அம்மாள்.

மாமா மேஜைக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டினார். கைகள் நடுங்கின. மறைக்கவில்லை, மூச்சை அடக்கவில்லை, முதுகை நிமிர்த்தவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு அதிகாரி முன்னால் அவர் இப்படி நின்றிருக்க மாட்டார்.

"அம்மா, எனக்குக் கை நடுங்குதும்மா. அன்னிக்கு நான் வீம்புக்கு நின்னுட்டேன். என்னால ஒரு கிளாஸைத் தூக்க முடியாது. இவங்க யார் மேலயும் தப்பில்ல, எனக்காகத்தான் தூக்கினாங்க. இவங்களை விட்டுடுங்க. நான் தேறலைன்னு எழுதிக்குங்க."

அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தார். பார்த்தார் என்பதற்கு நாங்கள் நாலு பேரும் சாட்சி. ஒரு கணம் அவர் முகம் இளகியது மாதிரிகூட இருந்தது. பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.

"நடுங்கறது எனக்குத் தெரியுது ஐயா. ஆனா இதுல நடுங்கலையே. மூணு கையெழுத்து இருக்கு."

"மறுபடியும் பரிசோதனை பண்ணுங்க."

"மறுபரிசோதனை தேறாதவங்களுக்குத்தான். நீங்க தேறிட்டீங்க." பதிவேட்டை மூடினார். "உங்க கை மேல வாரியத்துக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. இங்க இருக்கறவங்கள்ல உங்களுக்கு மட்டும்தான் எந்தத் தடையும் கிடையாது. போய் உங்க கையாலேயே தாராளமா குடிக்கலாம். நீங்க போகலாம்."

மாமா போகவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார். எங்களைப் பார்க்கவும் அவரால் முடியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் இன்னும் ஒரு நிமிஷம் அங்கே அப்படி நின்றால் நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

அப்போது கண்டக்டர், சீட்டுக் கட்டாத இடது கையால் பெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மாமா அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அதற்குத் திரும்பிப் பார்த்ததில்லை. கையை இறக்கிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி தாழ்வாரத்தில் நடந்து வெளியே போனார்.

"யார் தட்டினது?" என்று கேட்டார் அம்மாள். "இடது கையா? அதுக்குச் சீட்டு இல்லையே." கண்டக்டர் அந்தக் கையையும் நீட்டினார்.

ஜன்னல் வழியாக மாமா தெருவைக் கடப்பது தெரிந்தது. கடையிலிருந்து கிளம்பும்போதே நான் உயரக் கிளாஸைக் கழுவி மூலை மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுத்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.